உயிர்நீத்த காவலர் நினைவாக மலையேறப் போகிறீர்களா? லடாக் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

பணியில் உயிர்நீத்த எங்கள் பேட்ச் நண்பரின் படத்தோடு ஆறு பேர் லடாக் போய் வந்தோம். போய் வர ஆனது 14 நாள். அதற்காக மனு, மருத்துவச் சான்று, பர்மிட் என்று அலைந்தது 11 மாதம். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இதே எண்ணத்தோடு கிளம்பும் காவலர்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும், நண்பர்களுக்கும் அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் லடாக் என்று பலர் கேட்டார்கள். 1959 அக்டோபர் 21 அன்று 10 காவலர்கள் சீனப் படையால் சுட்டுக் கொல்லப்பட்ட ஹாட் ஸ்பிரிங்ஸ் அங்கேதான் இருக்கிறது. நாம் ஆண்டுதோறும் வீரவணக்க நாள் அனுசரிப்பது அந்தத் தேதியில்தான். ஆனால் ஹாட் ஸ்பிரிங்ஸ் எல்லைக்கோட்டை ஒட்டிய இடம். மாநிலக் காவல்துறைகளும் மத்தியப் படைகளும் ஆண்டுதோறும் அனுப்பும் அஞ்சலிக் குழு ஒன்று அங்கே போகிறது. அதில் சேர வேண்டுமானால் துறைத் தலைமை வழியாகத்தான் பெயர் போக வேண்டும். சொந்த முயற்சியில் போகிறவர்களுக்கு லடாக்கிலேயே வேறு மலைகள் உண்டு. நாங்கள் போனது மார்க்கா பள்ளத்தாக்கில் இருக்கும் காங் யாட்சே 2. உயரம் சுமார் 6,250 மீட்டர்.

1. முதல் அனுமதி வீட்டில்

நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். மலையை முடிவு செய்து, ஆட்களைச் சேர்த்து, பேனர்கூட அடித்துவிட்டு, கடைசியில்தான் நண்பரின் மனைவியைப் பார்க்கப் போனோம். அந்தத் தங்கை பேனரை விரித்துப் பார்த்தார். பெயருக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்ணே, அவரு ஏட்டாகி ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு" என்றார். நாங்கள் 'முதல் நிலைக் காவலர்' என்று போட்டிருந்தோம். உள்ளே போய் அவருடைய கடைசிச் சீருடைப் படத்தை எடுத்து வந்து காட்டினார். கையில் மூன்று பட்டை. அந்தப் பட்டைக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று கூடவே வேலை பார்த்த எங்களுக்குத் தெரியும். பேனரை அன்றே தூக்கிப் போட்டோம்.

எனவே முதலில் வீட்டுக்குப் போங்கள். மனைவியிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். ஒரு தரப்பு சம்மதித்தால் மறு தரப்பும் சம்மதித்த மாதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்க வேண்டியவை இவை: பெயரும் இனிஷியலும் பணிப்பதிவேட்டில் இருக்கும்படி எப்படி, கடைசியாக வகித்த பதவி எது, எந்தப் படத்தை எடுத்துப் போகலாம், பத்திரிகையிலோ முகநூலிலோ போடலாமா, எதைப் பற்றிப் பேசக் கூடாது. எங்கள் நண்பர் இரவு வாகனத் தணிக்கையில் நின்றபோது லாரி மோதி இறந்தவர். இழப்பீட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதனால் விபத்தைப் பற்றி எங்கேயும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர்களுடைய கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் துறை அனுமதிக்கும் அந்தத் தாள் உதவும்.

தொப்பி, பதக்கம், பெயர்ப்பட்டை என்று அசல் பொருள் எதையும் வாங்கிப் போகாதீர்கள். அவர்கள் கொடுத்தாலும் வேண்டாம். மலையில் ஒரு குதிரை கால் இடறினால் மூட்டையே ஆற்றோடு போய்விடும்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

அக்டோபர் 21 அன்றே உச்சியில் நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அதற்குள் லடாக்கில் மலையேறும் பருவம் முடிந்து, குளிர் தாங்க முடியாததாகிவிடும். காங் யாட்சேவுக்கு ஏற்ற காலம் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை.

அந்த மூன்று மாதத்திலும் காவல்துறையில் இருப்பவர்களுக்கு எல்லா நாளும் கிடைக்காது. ஆகஸ்டில் சுதந்திர தின பந்தோபஸ்து. அதை ஒட்டி விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்கள். தென்மாவட்டம் என்றால் செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள் பந்தோபஸ்து. இந்த நாட்களில் கொடுத்த லீவையும் ரத்து செய்துவிடுவார்கள். ஜூலை முதல் மூன்று வாரம்தான் பாதுகாப்பான இடைவெளி. ஆடித் திருவிழாக்கள் சூடுபிடிப்பதற்குள் திரும்பிவிடலாம். ஜூலையில் போக வேண்டுமானால் முந்தைய ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. லே நகரை ஒட்டிய ஸ்டோக் காங்ரிதான் புதியவர்களுக்கு ஏற்றது என்று இணையத்தில் பழைய குறிப்புகள் நிறையக் கிடக்கின்றன. அந்த மலை 2020 முதல் ஏறுவதற்கு மூடப்பட்டது. அதற்கு முன்பணம் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

3. துறை அனுமதி

சொந்தச் செலவு, சொந்த லீவு, அப்புறம் எதற்கு அனுமதி என்று நினைக்காதீர்கள். துறையின் பெயர், சின்னம், சீருடை, கொடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துவதாக இருந்தாலும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். முறையான வழியில், அதாவது நிலைய ஆய்வாளர், டிஎஸ்பி, எஸ்பி அலுவலகம் என்று படிப்படியாகத்தான் மனு மேலே போக வேண்டும். நேராக மேலே கொடுத்தால் அது கீழே வந்து மறுபடி ஏறும்.

எங்கள் மனு இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, செலவு யாருடையது என்று எழுதவில்லை. இரண்டாவது முறை, ஒரே உட்கோட்டத்தில் நான்கு பேர் ஒரே தேதியில் லீவு கேட்டிருந்தோம். எந்த அதிகாரியும் அதற்கு ஒப்பமாட்டார், அது நியாயமும்தான். அதன் பிறகு குழுவை மாற்றி, வேறு வேறு நிலையங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்தோம். இதிலேயே மூன்று மாதம் போனது.

மனுவில் கட்டாயம் இருக்க வேண்டியவை: குழுவினர் பெயர், பதவி, பணிபுரியும் இடம், மலையின் பெயர், உயரம், மாவட்டம், போகும் தேதி, வரும் தேதி, முழுச் செலவும் எங்களுடையது, துறைக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்ற உறுதிமொழி, யார் நினைவாக என்ற விவரம், குடும்பத்தின் சம்மதக் கடிதம், மருத்துவச் சான்று. எத்தனை நாள் லீவு என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பயணம் 14 நாள் என்றால் ஈட்டிய விடுப்பு 20 நாள் கேளுங்கள். வானிலை கெட்டு லே விமானம் ரத்தாவது சாதாரணமாக நடப்பது.

பணம் திரட்டுவது பற்றி ஒன்று. இறந்தவரின் பெயரைச் சொல்லி வசூல் செய்யாதீர்கள். அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவது நடத்தை விதிகளுக்கு எதிரானது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் குடும்பத்தின் காதுக்கு "அவர் பேரைச் சொல்லிக் காசு வாங்குறாங்க" என்று ஒரு பேச்சு போனால் அதற்குப் பிறகு எந்த உச்சிக்குப் போயும் பயனில்லை. விளையாட்டுப் பொருள் கடை ஒன்று எங்களுக்கு இலவச ஜாக்கெட் தர முன்வந்தது. பேனரில் கடையின் பெயர் வர வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

வயர்லெஸ் செட், சேட்டிலைட் போன், டிரோன் எதையும் எடுத்துப் போகாதீர்கள். சேட்டிலைட் போனை உரிய அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம். காவலர் என்பதால் விட்டுவிட மாட்டார்கள்.

4. உடம்பும் பயிற்சியும்

நாற்பது வயதைத் தொட்ட காவலரின் உடம்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். தூக்கம் கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், ஈசிஜி, டிரெட்மில் சோதனை எடுங்கள். எங்களில் ஒருவருக்கு இருந்த ரத்த அழுத்தம் அப்போதுதான் தெரிந்தது. அவர் வரவில்லை. சென்னையிலிருந்தபடி எல்லா ஆவண வேலையையும் அவர்தான் பார்த்தார், அவருக்குப் பதில் இன்னொருவர் வந்தார்.

6,000 மீட்டர் மலைக்குக் குழுவில் இருவராவது அடிப்படை மலையேற்றப் பயிற்சி முடித்தவர்களாக இருப்பது நல்லது. உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி, பஹல்காம் ஆகிய இடங்களில் அரசுப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. பயிற்சி கிட்டத்தட்ட நான்கு வாரம். இடங்கள் பல மாதம் முன்பே நிறைந்துவிடும். நான்கு வார லீவு எல்லோருக்கும் கிடைக்காது என்பதால் குழுவில் லீவு இருப்பு அதிகமுள்ள இருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம். பயிற்சியே எடுக்காத ஆறு பேர் ஒரு ஏஜென்சியை நம்பி ஏறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கயிற்றில் ஒருவர் வழுக்கினால் மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ஊரில் பயிற்சிக்கு மலைக்குப் போவதானால் வனத்துறை அனுமதித்த பாதைகளில் மட்டும் போங்கள். 2018 குரங்கணி தீவிபத்துக்குப் பிறகு விதிகள் கடுமையானவை. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பாதைகளைப் பார்த்து முன்பதிவு செய்யலாம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். லே விமான நிலையத்தில் இறங்கும்போதே சுமார் 3,250 மீட்டரில் இருப்பீர்கள். நம் மலைகளில் கால்தான் பழகும். உயரத்துக்குப் பழக, முந்தைய ஆண்டே 4,000 மீட்டரை ஒட்டிய ஒரு இமயமலை நடைப்பயணம் போய்ப் பாருங்கள்.

5. பர்மிட்: உங்கள் இனிஷியலைக் கவனியுங்கள்

காங் யாட்சேவுக்கு இந்திய மலையேற்ற அறக்கட்டளையின், அதாவது ஐஎம்எஃப்பின் அனுமதி வேண்டும். தலைமையகம் டெல்லியில். பெரும்பாலும் லேயில் இருக்கும் பதிவுபெற்ற ஏஜென்சிகள் நம் சார்பில் வாங்கித் தருவார்கள். "பர்மிட் எல்லாம் பேக்கேஜில் அடக்கம்" என்று வாயால் சொன்னால் போதாது. எல்லோருடைய பெயரும் உள்ள நகலைக் கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். மார்க்கா பள்ளத்தாக்கு ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனவிலங்குக் கட்டணமும், லடாக் நிர்வாகத்தின் சுற்றுச்சூழல் கட்டணமும் தனி. அந்த ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

தமிழர்களுக்கென்றே இருக்கும் சிக்கல் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், துறை அடையாள அட்டையில் முன்னால், விமான டிக்கெட்டில் அப்பா பெயர் முழுசாக, மருத்துவச் சான்றில் இனிஷியலே இல்லை. எங்களில் ஒருவருக்கு இப்படி நான்கு வடிவம் இருந்தது. வேறு யாரோ என்று நினைத்து ஏஜென்சி அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டது. லே போன பிறகுதான் அது தெரிந்தது. பெயரைச் சேர்க்க ஒரு நாள் முழுக்கப் போனது. நல்லவேளையாக அது உடம்பு பழகுவதற்காக ஒதுக்கியிருந்த நாள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாவற்றிலும் எழுதுங்கள். ஒவ்வொருவரும் ஆதார் நகல் ஆறு, பாஸ்போர்ட் அளவு படம் ஆறு கையில் வைத்திருங்கள்.

காப்பீட்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சாதாரண மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் மலையேற்றம் விலக்குப் பட்டியலில் இருக்கும். நீங்கள் லீவில் போவதால் இது பணியில் நடந்ததாகவும் கணக்கில் வராது. 6,000 மீட்டருக்கு மேல் ஏறுவதையும் மீட்புச் செலவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பாலிசியாகப் பார்த்து வாங்குங்கள். உயிரிழந்தவரின் நினைவாகப் போகிறோம், நம் வீட்டையும் அதே நிலையில் விட்டுவிடக் கூடாது.

6. செலவு

எங்களுக்கு ஆளுக்கு ஆனது இது. சென்னை–டெல்லி–லே விமானம் போக வர 21,000 (மூன்று மாதம் முன்பே போட்டது). கைடு, சமையல்காரர், குதிரை, கூடாரம், உணவு, பர்மிட் சேர்த்து ஏஜென்சிக்கு 9 நாளுக்கு 48,000. லேயில் நான்கு இரவு தங்க 5,000. பூட்ஸ், கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), ஹார்னஸ் (கயிற்றோடு பிணைக்கும் இடுப்புப் பட்டை) வாடகை 6,000. சோதனைகளும் காப்பீடும் 5,500. துணிமணி, கையுறை, கண்ணாடி, தலைவிளக்கு 11,000. கைடுக்கும் குதிரைக்காரருக்கும் கொடுத்தது 2,500. மொத்தம் 99,000 ரூபாய். இதற்கு மேல் கையில் 15,000 தனியாக வைத்திருந்தோம்.

ஏஜென்சிகள் தரும் குறுகிய திட்டத்தில் ஏழெட்டாயிரம் குறையும். கோங்மாரு லா கணவாய் வழியாக இரண்டு மூன்று நாளில், மலைக்குக் கீழே இருக்கும் நிமாலிங் கொண்டுபோய் விடுவார்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று பள்ளத்தாக்கின் வழியே மெதுவாக ஏறும் பாதைதான் நம்மைப் போல் கடல்மட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு ஏற்றது.

7. டெல்லியில் ஒரு மாலை, லேயில் மூன்று நாள்

லே விமானங்கள் காலையில்தான் அதிகம். அதனால் டெல்லியில் ஒரு இரவு தங்க வேண்டி வரும். அந்த மாலையில் சாணக்கியபுரியில் உள்ள தேசிய காவலர் நினைவிடத்துக்குப் போங்கள். 2018ல் திறக்கப்பட்டபோதே அங்குள்ள சுவரில் 34,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. உங்கள் நண்பர் இறந்த ஆண்டைத் தெரிந்துகொண்டு போனால்தான் தேட முடியும். ஒவ்வொரு செப்டம்பர் முதல் மறு ஆகஸ்ட் வரை ஒரு பட்டியலாகக் கணக்கிட்டு அக்டோபர் 21 அன்று வாசிப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. இருவராவது போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு போங்கள். மார்க்கா பாதையில் சிக்னலை நம்ப முடியாது. "ஒன்பது நாள் போன் வராது, பயப்படாதே" என்று வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். போலீஸ்காரர் வீட்டில் போன் எடுக்காத நேரம் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லேயில் முதல் இரண்டு நாள் கடைத்தெருவைத் தாண்டிப் போகாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது கூடாது. உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுவிட்டே எடுங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே கீழே இறங்குங்கள். "காலையில் பார்த்துக்கலாம்" என்று படுக்கவிடாதீர்கள். கான்ஸ்டபிள் வலியைச் சொல்லமாட்டார், அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். தினமும் மாலையில் ஒவ்வொருவரிடமும் நேராகக் கேளுங்கள்.

8. அஞ்சலியை பேஸ் கேம்ப்பில் செலுத்துங்கள்

இந்தக் கட்டுரையிலேயே எனக்கு முக்கியமானது இந்தப் பகுதி. உச்சியில்தான் அஞ்சலி என்று வைத்துக்கொண்டால், திரும்ப வேண்டிய நேரத்தில் ஆட்கள் திரும்பமாட்டார்கள். "அவனுக்காக வந்தோம், பாதியில் விடுவதா" என்ற ஒரே எண்ணம் போதும், உயிரைக் கொண்டுபோய்விடும்.

நாங்கள் சுமார் 5,100 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்ப்பில், ஏறுவதற்கு முந்தைய நாள் மதியம், ஆறு பேரும் சேர்ந்து செய்தோம். தட்டையான ஒரு கல்லில் படத்தை வைத்தோம். பேச வேண்டியதை ஊரிலேயே எட்டு வரியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்த உயரத்தில் எட்டு வரிக்கு மேல் மூச்சு நிற்காது. பெயர், பதவி, பணிபுரிந்த நிலையம், தேதி படித்தேன். 'தலைமைக் காவலர்' என்று வந்தபோது குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தாளை வாங்கி மீதியைப் படித்தார். இரண்டு நிமிட மௌனம். காற்று படத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. குதிரைக்காரர் யாரும் சொல்லாமலே வந்து, கையுறையைக் கழற்றிவிட்டுப் படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரவு 11 மணிக்குக் கிளம்பினோம். உச்சியைத் தொட்டது மூன்று பேர். நானும் இன்னொருவரும் சுமார் 5,800 மீட்டரிலிருந்து திரும்பினோம், ஒருவர் கேம்ப்பிலேயே தங்கினார். காலை 9 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று ஏறுவதற்கு முன்பே கைடு முன்னிலையில் சத்தியம் வாங்கியிருந்தேன். பனி இளகத் தொடங்கினால் இறங்குவது ஆபத்து. நீங்களும் நேரத்தை முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

மேலே கொண்டுபோகும் படம் ஏ4 அளவைத் தாண்டக் கூடாது, லேமினேட் செய்திருக்க வேண்டும். மூலையில் துளை போட்டு நாடா கட்டிக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். போனை உள்சட்டையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். தேசியக் கொடியைக் கொண்டுபோனால் மடித்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். கொடி, படம், மாலை, கல்வெட்டு எதையும் மலையில் விட்டுவிட்டு வரக் கூடாது. அடுத்த பனியில் கிழிந்து யார் காலிலாவது மிதிபடும்.

9. திரும்பியதும்

லீவு முடிவதற்குள் பணிக்குத் திரும்பிய அறிக்கையோடு, அனுமதி தந்த அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் பயண விவரமும் கொடுங்கள். அடுத்து அனுமதி கேட்டு வரும் குழுவுக்கு அந்தக் கோப்பு முன்னுதாரணமாக இருக்கும். படங்களைக் குடும்பத்துக்குக் காட்டிய பிறகே வெளியே பகிருங்கள்.

அக்டோபர் 21 காலை ஆயுதப்படை மைதானத்தில் நடக்கும் வீரவணக்க நிகழ்ச்சிக்குக் குடும்பத்தை அழைத்துப் போவதானால் ஒரு வாரம் முன்பே ஆயுதப்படை ஆய்வாளரிடம் சொல்லி உட்கார இடம் கேட்டு வையுங்கள். குண்டு முழங்கும் நேரத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடுக்கிடுவார்கள். மலைக்குப் போய் வந்த அந்த லேமினேட் படத்தை நாங்கள் அன்று தங்கையிடம் கொடுத்தோம். ஒரு மூலை குளிரில் பிரிந்திருந்தது. வேறு போட்டுத் தருகிறோம் என்றதற்கு, "இதுவே இருக்கட்டும்ண்ணே" என்று வாங்கிக்கொண்டார்.